வளர்வதற்கு ஒரு விரல் இடம்

தோஹாவில் கிரேன் ஓட்டுகிற தேசப்பன், இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிற தன் அறையின் கூரைமேல் செவ்வாய்க்கிழமைதோறும் மதியம் இரண்டரை மணிக்கு யாரோ நடக்கிறார்கள் என்று போனில் சொன்னபோது, புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி அஞ்சலாட்சி, எலியாக இருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்தாள். எலி இல்லை, அறைக்கு மேலே தகரம், தகரத்துக்கு மேலே வானம், அதோடு எலி தாளம் போடாது என்றான் அவன். பதிமூன்று வயது மகள் முகிலா போனை வாங்கி, அந்தத் தாளத்தைக் கட்டில் கம்பியில் தட்டிக்காட்டச் சொன்னாள். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், ஐந்து தட்டு, பிறகு காலை இழுக்கிற மாதிரி ஓர் உரசல். "அது நான்தாம்பா," என்றாள் முகிலா. "புது ஷூ போட்டுக்கினு ஆடறது உனுக்குக் கேக்குது." தேசப்பன் கம்பியில் அதை இன்னொரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் வருகிற அந்த உரசல் கொஞ்சம் தடுமாறுகிறது, அதைச் சரிபண்ணிக்கொள் என்றான்.

பெர்னதெத்துக்கு இந்தச் செய்தி மறுநாள் காலை மீன்கூடையோடு வந்து சேர்ந்தது. மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்தில், முன்னறையைக் கடையாகவும் பின்னறையை வீடாகவும் வைத்துக்கொண்டு, ஐம்பத்து நான்கு வயதில் தனியாக இருந்தவள் அவள். கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் ஆளுயரக் கண்ணாடி, கைப்பிடித்து நிற்கச் சுவரோடு ஒரு மரக்கம்பி, ஒரு குட்டை முக்காலி, மீதியெல்லாம் அட்டைப்பெட்டிகள். அந்தப் பெட்டிகளுக்குள் பாலே ஆடுகிறவர்கள் போடும் முனை ஷூக்கள் இருந்தன. வெளியே ரோஜா நிறச் சாட்டின் துணி, ரிப்பன், சிங்காரம் எல்லாம் உண்டு; உள்ளே விரல்களைப் பிடித்து நிறுத்துகிற, பசைபோட்டு இறுக்கிய கெட்டியான கூடு ஒன்றும், பாதத்துக்கு அடியில் வளைந்துகொடுக்கிற தண்டு ஒன்றும் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் தன் முழு எடையையும் கால்விரல் நுனியில் ஏற்றி நிற்பாள். பக்கத்துத் தெரு மாடியில் முப்பது வருஷமாக பாலே சொல்லிக்கொடுக்கிற மதாம் சுசேன், அதிகாரி வீட்டுப் பெண்களையும் குப்பத்துப் பெண்களையும் ஒரே கம்பியில் நிறுத்தி ஒரே மாதிரி திட்டுகிறவர், பெர்னதெத் கைவைத்துப் பார்க்காத ஷூவோடு யாரையும் வகுப்புக்குள் விடமாட்டார்.

கைவைத்துப் பார்ப்பது என்றால் அது ஒரு மணி நேர வேலை. முதலில் வெறுங்காலை மடியில் வாங்கி, எந்த விரல் நீளம், எந்த மூட்டு துருத்துகிறது, பாதம் நடுவில் எவ்வளவு வளைகிறது என்று தடவிப் பார்ப்பாள். பிறகு ஷூவைப் போட்டு நேராக நிற்கச் சொல்லி, விரல்கள் மடங்காமல் நீட்டிப் படுத்திருக்கின்றனவா என்று துணிமேலேயே எண்ணுவாள். முழங்காலை மடக்கச் சொல்லி, விரல் நுனி முன்சுவரைத் தொடுகிறதா முட்டுகிறதா என்று கேட்பாள், தொட வேண்டும், முட்டக்கூடாது. கடைசியில் நுனியில் ஏறச் சொல்லிக் குதிகாலுக்குப் பின்னால் துணியைக் கிள்ளுவாள், புளியங்கொட்டை அளவுக்குக் கிள்ள வந்தால் சரி, அதற்குமேல் வந்தால் கழற்று. ஏறி நிற்கும்போது கால் கூட்டுக்குள் வழுக்கி இறங்கினால் அகலம் ஜாஸ்தி, கழற்று. தண்டு பாதத்தோடு ஒட்டாமல் விலகி நின்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் கழற்று. வலது காலுக்குச் சரியானது இடது காலுக்குச் சரியில்லை என்றால் இரண்டு ஜோடியைப் பிரித்துக் காலுக்கொன்றாக எடுத்துக் கொடுப்பாள்.

நம் ஊரில் வளர்கிற பிள்ளைக்கு எதை வாங்கினாலும் கொஞ்சம் பெரிதாகத்தான் வாங்குவார்கள். பள்ளிக்கூடப் பாவாடையின் கீழே மூன்று வருஷத்து உயரம் மடித்துத் தைத்திருக்கும், செருப்பின் முனையில் அடுத்த தீபாவளிவரைக்கும் இடம் இருக்கும். அதே பழக்கத்தில் இந்தக் கடைக்கும் வந்து, வளர்ற பிள்ளை, ஒரு விரல் இடம் விட்டுக் குடுங்க என்று கேட்காத தாய் கிடையாது. அந்த வார்த்தையைக் கேட்டாலே பெர்னதெத்துக்கு மூக்கு சிவந்துவிடும். நாளைக்கு வளரப்போகிற காலுக்கு நாளைக்கு வாருங்கள், இன்றைக்கு இருக்கிற காலுக்குத்தான் இன்றைக்கு ஷூ என்பாள். விரல் இடம் விட்டால் அந்த இடத்தில் கால் சறுக்கும், சறுக்கினால் கணுக்கால் போய்விடும் என்று விளக்கமாகச் சொல்லிப் பார்ப்பாள். அப்படியும் கேட்கவில்லை என்றால் பெட்டியை மூடிவிட்டு ரோட்டைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள்.

தோஹா செய்தியை அவள் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒழுங்காகப் பொருந்திய ஷூவில் நிற்கிறவளின் கால், அவள் யாரை நினைத்து ஏங்குகிறாளோ அவருடைய தலைக்குமேல் கேட்கிறது, கேட்டுவிட்டுப் போகட்டும் என்றாள். ஊரும் அப்படியே எடுத்துக்கொண்டது. இது எப்படி நடக்கிறது என்று கேட்டவர்கள் மொத்தம் இரண்டு பேர், இருவரும் கல்லூரி வாத்தியார்கள். மற்றவர்கள் கேட்டதெல்லாம் எத்தனை மணிக்குப் போட வேண்டும், எந்த நாடுவரைக்கும் போகும், ஓட்டில் நன்றாகக் கேட்குமா கான்கிரீட்டில் நன்றாகக் கேட்குமா என்பதுதான். வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு புதுச்சேரியில் ஏது? ஒரே வாரத்தில் சந்து முழுக்கப் பெண்கள் நின்றார்கள். புருஷன் மஸ்கட்டில் இருப்பவள், பிள்ளை பாரீசில் இருப்பவள், அக்காள் ரீயூனியன் தீவுக்குக் கல்யாணமாகிப் போய்ப் பதினெட்டு வருஷமாகத் திரும்பாதவள். ஒருத்திக்கும் பாலே தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நுனியில் ஏறி நாலு தட்டுத் தட்டினால் போதும். மதாம் சுசேன் அவர்களுக்கென்று புதன்கிழமை ஒரு வகுப்பே ஏற்படுத்தி, அறுபது வயது முழங்கால்களைப் பார்த்து, வாழ்க்கையில் முதல்முறையாக யாரையும் திட்டாமல் இருந்தார்.

மெட்டிதான் பெரிய வழக்காகிப் போயிற்று. இரண்டாவது விரலில் வெள்ளி மெட்டியோடு கால் கூட்டுக்குள் போகாது, திணித்துப் போனாலும் சத்தம் எழும்பாது. புருஷன் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கும்போது மெட்டியை எப்படிக் கழற்றுவது என்று மாமியார்கள் ஒரு பக்கமும், கழற்றாவிட்டால் அந்தக் குத்துக்கல்லுக்கு எப்படிக் கேட்கும் என்று மருமகள்கள் ஒரு பக்கமும் நின்றார்கள். ஈஸ்வரன் கோயில் குருக்கள் இரண்டு நாள் யோசித்துவிட்டு, புருஷனுக்காகக் கழற்றுவது கழற்றுவதில் சேராது, அந்த அரை மணி நேரத்துக்கு மெட்டியைத் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டால் தோஷமில்லை என்றார். அன்று முதல் சாயங்கால வேளைகளில் மெட்டியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நுனிக்காலில் நிற்கிற பெண்களை வீட்டுக்கு வீடு பார்க்கலாம். பால்காரர்கூடக் கேட்காமல் பாத்திரத்தைத் தானே எடுத்து ஊற்றிவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்.

பிறகு அக்கரையிலிருந்தும் தட்டு வர ஆரம்பித்தது. பிரான்ஸின் மர்சேயிலும் சிங்கப்பூரிலும் இருந்த புதுச்சேரிப் பிள்ளைகள் அங்கங்கே கடைகளுக்குப் போய், பொறுமையுள்ள விற்பனைக்காரிகளிடம் காலை நீட்டி, சரியான ஷூ வாங்கித் திருப்பித் தட்டினார்கள். ஓட்டு வீடுகளில் ஓடு உடைந்தது, கீற்றுக் கொட்டகைகளில் கீற்று உதிர்ந்தது, யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது தலைக்குமேல் அம்மா தட்டுகிறாள் என்று பிள்ளைகள் புகார் சொன்னதால், வார்டு கவுன்சிலர் எந்த நாட்டுக்கு எந்த நேரம் என்று ஒரு பலகை எழுதி டீக்கடையில் மாட்டினார். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இதே மாதிரி ஷூ மலிவாக வந்தது. வாங்கிப் போட்டவர்கள் விழுந்து எழுந்து பெர்னதெத்திடமே வந்தார்கள். கல்யாணமாகாத பேங்க் கேஷியர் ஒருவரின் கூரை காலை பதினோரு மணிக்குத் தட்டப்படுவதாகத் தெரிந்து, அந்த நேரத்தில் ஷூ போட்டிருந்தது யார் என்று தெருவே கணக்கெடுத்தது, ஆள் அகப்படவில்லை. சவரியாயி என்கிற விதவை மட்டும் தினமும் தட்டியும் எந்தக் கூரையிலும் கேட்டதாகத் தகவல் இல்லை. அவர் போன இடத்தில் போன் கிடையாது, அதனால் தகவல் வராது என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தாள்.

இப்படி ஊர்க்காரர்களின் கால்களையெல்லாம் மடியில் வாங்கிப் பார்த்த பெர்னதெத்தின் சொந்தக் கூரை ஒரு வருஷமாகச் சத்தமே இல்லாமல் இருந்தது. அவளுக்கு அதேல் என்று ஒரே மகள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற அப்பா இறந்த மறுவருஷம், பதினேழு வயதில், மர்சேயில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய் அங்கே பெரிய நடனப் பள்ளியில் சேர்ந்தாள். போய் நாலாவது மாதம், பரீட்சைக்கு ஆடும்போது கணுக்கால் பிசகி விழுந்தாள். பள்ளி அவளை வைத்துக்கொள்ளவில்லை. இப்போது முதியோர் இல்லம் ஒன்றில் துணி வெளுக்கிற பிரிவில் வேலை, காலை ஷிப்ட், பகல் பன்னிரண்டுக்கு முடிந்துவிடும். ஆறு வருஷத்தில் ஊருக்கு வரவில்லை. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் போன் செய்து, அம்மா நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், அங்க குளிரா, குளிர்தான் என்று பேசிவிட்டு வைத்துவிடுவாள்.

மர்சேயில் பகல் ஒன்றரை என்றால் இங்கே மாலை ஐந்து. ஐந்து மணி ஆனால் பெர்னதெத் கடையில் யார் இருந்தாலும் பின்னறைக்கு வந்து, மே மாதத்துப் புழுக்கத்திலும் மின்விசிறியை நிறுத்திவிட்டு, உத்தரத்தைப் பார்த்தபடி கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். பல்லி சத்தம் கேட்கும், பக்கத்து வீட்டு மிக்ஸி கேட்கும். உங்க பொண்ணு தட்டுதா என்று யாராவது கேட்டால், அங்கே நேரம் ஒத்துவரவில்லை என்று சொல்லிவிடுவாள். கேட்டவர்கள் நம்பினார்கள். மற்ற வீட்டுப் பெண்கள், நேத்து என் பையன் கொஞ்சம் பலமாத் தட்டினான்க்கா, சளி விட்டிருக்கும் போல என்று சொல்லும்போது அவளுக்கு வயிறு எரியும். எரிந்ததற்காக மறுநாள் பாவசங்கீர்த்தனமும் செய்வாள்.

கார்த்திகை மாதம் தேசப்பன் போன் செய்து, இரண்டு வாரமாகக் கூரையில் ஒன்றும் கேட்கவில்லை, பிள்ளை அப்பனை மறந்துவிட்டாளா என்று அழுதான். அஞ்சலாட்சி மகளை இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். பெர்னதெத் முகிலாவின் காலை வாங்கிப் பார்த்தாள். கட்டைவிரல் முன்சுவரில் முட்டி மடங்கியிருந்தது, பிள்ளை வளர்ந்துவிட்டாள், அவ்வளவுதான். அரை அளவு பெரிய ஜோடியைத் தேடிப் போட்டுவிட்டு, கம்பியைப் பிடித்துத் தட்டச் சொன்னாள். தோஹாவிலிருந்து உடனே போன் வந்தது. முகிலா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட, அஞ்சலாட்சி முக்காலியில் உட்கார்ந்து, கழற்றிப் போட்ட பழைய ஷூவை உள்ளே விரல்விட்டுத் துழாவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க்கா, அரை விரல் மாறினா கேக்கலையே. அதேலுக்கு நீ எந்த அளவு குடுத்தனுப்பிச்ச?"

ஊரில் அத்தனை பேருக்கும் பதில் வைத்திருந்த பெர்னதெத், திறந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக மூடினாள், மூடியவற்றைத் திரும்பத் திறந்தாள். கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒரு விரல் இடம் விட்டுக் குடுத்தேன்."

"நீயா?"

"ஆறு ஜோடி. ஆறும் பெரிசு. அங்க யாரு அவ காலைப் புடிச்சுப் பாப்பா, நெனச்சா வாங்கித் தர நான் இருக்கேனா, கொஞ்சம் வளந்தாலும் போட்டுக்கட்டும்னு. பெருசா இருக்கும்மான்னு போன் பண்ணினா. பஞ்சு வச்சுக்க, சரியாயிடும்னு சொன்னேன். விழுந்தப்புறம் அவ அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல அஞ்சலாட்சி. கேட்டிருந்தாலாச்சும் பரவாயில்ல."

விஷயம் அதோடு முடியவில்லை என்பது அஞ்சலாட்சிக்குப் புரிந்தது. கூரை தட்டாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஷூ பொருந்தவில்லை என்பது ஒன்று, அந்தப் பெண்ணுக்கு அம்மாவின்மேல் ஏக்கமே இல்லை என்பது இன்னொன்று. எது என்று தெரியாமல் ஒரு வருஷம் மின்விசிறியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், தெரிந்துவிடுமோ என்ற பயத்தில்தான் ஒரு போன்கூடப் போடாமல் இருந்தாள். இவ்வளவையும் பெர்னதெத் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. அஞ்சலாட்சி பழைய ஷூவைக் கீழே வைத்தாள். "அது தட்டலேன்னா நீ தட்டேங்க்கா."

அதற்கு பெர்னதெத் சொன்ன காரணங்கள் கொஞ்சமில்லை. வயது, முழங்கால், சர்க்கரை, கடையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, தன் காலுக்குத் தானே அளவு பார்க்க முடியாது. நுனியில் ஏறி நிற்கிறவள் குனிந்து தன் குதிகாலைக் கிள்ளிப் பார்க்க முடியுமா, குனிந்த உடனே அளவு மாறிவிடும், அதற்கு இன்னொருத்தியின் கை வேண்டும். அஞ்சலாட்சி தன் இரண்டு கையையும் புடவையில் துடைத்து நீட்டினாள். செவுளைத் திறந்து பார்க்காமலே, முதுகை அழுத்திப் பார்த்தே எது காலை மீன், எது நேற்று மீன் என்று சொல்லுகிற கை அது. அதற்குமேல் பேச ஒன்றும் இல்லாமல் பெர்னதெத் முக்காலியில் உட்கார்ந்து, முப்பது வருஷத்தில் முதல்முறையாக, தன் காலை இன்னொருத்தி மடியில் வைத்தாள். கூச்சமாக இருந்தது, அழுகையும் வந்தது.

முதல் நாள் பதினோரு ஜோடி பார்த்தார்கள். இந்த வயதில் சாயங்காலம் கால் வீங்கும்க்கா, ஒரு விரல் பெரிதாகப் போடலாம் என்று அஞ்சலாட்சி ஆரம்பித்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். இரண்டாம் நாள் வலது கால் அமைந்தது. இடது காலில் இரண்டாவது விரல் கட்டைவிரலைவிட நீளம், அதற்குக் கட்டைவிரலுக்கு அடியில் சின்னத் துணி மடிப்பு வைத்து, வேறொரு ஜோடியிலிருந்து ஒன்றை எடுத்து மாற்றி, மூன்றாம் நாள் மாலை அதுவும் அமைந்தது. அஞ்சலாட்சி குதிகாலுக்குப் பின்னால் கிள்ளிப் பார்த்து, புளியங்கொட்டைதான் என்றாள். பெர்னதெத் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். எத்தனையோ பேருக்கு ஏறு, பயப்படாதே என்று சொன்னவளுக்கு அது இவ்வளவு உயரம் என்று தெரிந்திருக்கவில்லை. கண்ணாடியில் தன் முகம் தெரிகிற இடமே மாறிப்போயிருந்தது. ஐந்து மணிக்கு நாலு தட்டுத் தட்டினாள், இறங்கினாள், போனைப் பார்த்தாள்.

போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தெருவுக்கு எப்படியோ தெரிந்துபோய், ஐந்து மணிக்கு யாரும் கடைக்கு வராமல் இருந்தார்கள், மிக்ஸி போடுகிற வீடுகூட அந்த நேரத்தில் போடவில்லை. ஐந்தாம் நாள் விரல் நுனிகள் கொப்புளித்தன. ஆறாம் நாள் அஞ்சலாட்சி களிம்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனாள். ஏழாம் நாள் பெர்னதெத்துக்கு விஷயம் தெளிவாகிவிட்டது போல இருந்தது. பொருந்திய ஷூ, கேட்காமல் இருக்க வழியில்லை, மகளுக்குக் கேட்கிறது, மகள் பேசாமல் இருக்கிறாள். இனிமேல் தட்டுவது தொந்தரவுதான் என்று, அன்றைக்குத் தட்டாமலே ரிப்பனை அவிழ்த்துப் பெட்டியில் வைத்தாள். எட்டாம் நாள் ஐந்து மணிக்குக் கால் சும்மா இருக்கவில்லை, மறுபடி எடுத்துக் கட்டிக்கொண்டாள். வேண்டாம் என்றாவது ஒரு வார்த்தை சொல்லட்டும், அந்தக் குரலுக்காகவாவது தட்டுவது என்று வைராக்கியமாக இருந்தாள்.

ஒன்பதாம் நாள், மூன்றாவது தட்டுக்கும் நாலாவது தட்டுக்கும் நடுவில், போன் அடித்தது. இறங்காமலே எடுத்தாள்.

"அம்மா, நீ இடது கால்ல எடை போட மாட்டேங்கற."

கிறிஸ்துமஸுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. பெர்னதெத் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எப்போதிலிருந்து கேட்கிறது என்று கேட்டாள். முதல் நாளிலிருந்து என்றாள் அதேல்.

"அப்ப ஏண்டி பேசல?"

"பேசினா நிறுத்திடுவியோன்னு இருந்துச்சு. முந்தாநேத்து நீ தட்டல. அன்னைக்கு முழுக்க வீட்டுக்குள்ள நடந்துக்கிட்டே இருந்தேன்."

 பிறகு பெர்னதெத் அந்த ஆறு ஜோடியைப் பற்றி ஆரம்பித்தாள். ஆறு வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம்தான், வாயில் வரும்போது உடைந்து உடைந்து வந்தது. பெரிசு என்று தெரியும்மா, முதல் நாளே தெரியும் என்றாள் அதேல்.

"பதினேழு வயசுக்கு மேல கால் வளராதுன்னு உனக்குத் தெரியாதாம்மா? ஊருக்கே சொல்ற."

"தெரியும்," என்றாள் பெர்னதெத். "நீ என் கண்ணுல படாம வளரப்போறன்னு நெனச்சேன். அதுக்கு இடம் விட்டேன்."

 போன் அறுந்துவிட்டதோ என்று பயந்து பெர்னதெத் மகளின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இருக்கேன் என்றாள் அதேல். குரல் மாறியிருந்தது, அம்மாவின் கூந்தலைப் பிடித்துக்கொண்டு தூங்கிய வயசுக் குரல் அது.

"அத்தை போன வருஷம் சொன்னாங்க, ஊர்ல இந்த மாதிரி எல்லாரும் தட்டறாங்கன்னு. அன்னையிலேருந்து வேலை முடிஞ்சு வந்து நானும் தினம் அந்த ஷூவைப் போட்டுக்கிட்டு நிப்பேம்மா. பஞ்சு வச்சுக்கிட்டு. ஒரு வருஷமா. உனக்குக் கேட்டிருக்கும், நீதான் கோவத்துல பேசாம இருக்கியோன்னு நெனச்சேன். கேக்கலியா?"

"கேக்கல," என்றாள் பெர்னதெத். "அதேல், ஒரு நாள்கூடக் கேக்கலடி."

பிறகு அழுதது யார், சமாதானம் சொன்னது யார் என்று பெர்னதெத்துக்கு நினைவில்லை. வாசலில் அஞ்சலாட்சி கூடையை இறக்கி வைத்துவிட்டு, உள்ளே வராமல், தெருவில் போகிறவர்களை அந்தப் பக்கமாகப் போகச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். இவ்வளவு நேரமும் நுனியிலேயே நின்றுகொண்டிருக்கிறோம் என்பது பெர்னதெத்துக்கு அப்போதுதான் உறைத்தது. விரல்கள் பற்றி எரிந்தன.

"வலிக்குதாம்மா?"

"வலிக்குது."

"இறங்கிடாத. கொஞ்ச நேரம் நில்லு. இடது கால்லயும் எடை போடு."

பெர்னதெத் போனைக் காதோடு அணைத்துக்கொண்டு, எடையை மெல்ல இடது காலுக்கு மாற்றி, ஒரு தட்டுத் தட்டினாள். போனுக்குள், மர்சேயில் ஏதோ ஒரு தெருவின் ஏதோ ஓர் அறையில், மகளின் தலைக்குமேல் அந்தத் தட்டு போய் விழுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. இன்னொன்று தட்டினாள், அதுவும் கேட்டது.